பாசம் இருப்பதாக ரிசல்ட்

உளவியல் வகுப்பில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர், மனித மனத்தை அறியும் ஆவலில் சேர்ந்ததாகச் சொல்வார்கள். மீதிப் பேர் உண்மையைச் சொல்வார்கள். மேனேஜர் இரண்டாவது வகை. பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களுக்கு எந்தப் பாடம் என்று எழுதிக் கொடுக்கும் நாளில் அறிவியலுக்கு ஒரு வரிசை, கணக்கியலுக்கு ஒரு வரிசை, உளவியலுக்கு ஒரு வரிசை நின்றன. உளவியல் வரிசை மட்டும் மின்விசிறிக்குக் கீழே இருந்தது. அவள் அங்கே போய் நின்றாள். வரிசை நகர்ந்தது, கையெழுத்துப் போட்டாள், வெளியே வந்த பிறகுதான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று படித்துப் பார்த்தாள். வாழ்க்கையின் பெரிய முடிவுகளை இப்படி எடுப்பவர்களைப் பற்றி அந்தப் பாடத்தில் ஓர் அத்தியாயமே இருந்தது என்பது பிற்பாடு தெரியவந்தது.

மேனேஜர் என்பது அவளுடைய அப்பா வைத்த பெயர். நடக்கப் பழகிய வயதிலேயே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டை அறை அறையாக மேற்பார்வை பார்ப்பாளாம். சிரிப்பும் அளவாகத்தான், அழுகையும் அளவாகத்தான். "சம்பளம் பத்தலைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு பாரு" என்று அப்பா ஆரம்பித்தது, பள்ளிக்கூடம் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள பெரிய மனிதர்களையெல்லாம் ஏற்றி இறக்கியவர், குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். யாராவது கேட்டால், "நாள் பூரா அதுகூட மாரடிச்சுட்டு வர்றேன், வீட்லயும் அது முகத்துல முழிக்கணுமா?" என்பார். சாயங்காலம் அவர் படியேறும்போது தோள்பையில் ஸ்பேனர்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் முதல் மாடியிலேயே கேட்கும். கேட்டதும் "அப்பா வந்துட்டாரு" என்று வீட்டுக்கு அறிவிப்பது மேனேஜரின் பொறுப்பு. படித்துக்கொண்டிருந்தால் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, ரயில் நிலைய ஒலிபெருக்கி மாதிரி, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்வாள். அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். அவர் மூன்றாவது மாடிக்கு வந்து சேரும்போது தண்ணீர் கொதித்திருக்கும்.

மகள் உளவியல் எடுத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மனச ரிப்பேர் பாக்கப் போறியா மேனேஜர்? லிஃப்ட்டுக்காவது கம்பெனிக்காரன் ஒரு புத்தகம் குடுத்திருக்கான். மனசுக்கு எவன் குடுத்தான்?"

"எங்களுக்கும் குடுத்திருக்காங்கப்பா. லிஃப்ட் புத்தகத்த விடத் தடிமனா."

"படிச்சு முடிச்சதும் எனக்குக் குடு. உங்கம்மா எந்த மாடியில நிக்கிறான்னு இன்னும் கண்டுபிடிக்க முடியல."

"நான் தரையிலதான் நிக்கிறேன்," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. "நீங்கதான் தொங்கிட்டு இருக்கீங்க."

பாடம் நடத்தியவரை மாணவர்கள் மனசு சார் என்று அழைத்தார்கள். அவர் அடிப்படையில் புவியியல் ஆசிரியர். உளவியலுக்கு ஆள் கிடைக்காததால் மலைகளையும் ஆறுகளையும் கைவிட்டு மனத்துக்கு வந்தவர். கரும்பலகையில் மனத்தை வரைந்தால் அதற்கு எல்லைக்கோடு போட்டு, வடக்கு எந்தப் பக்கம் என்றும் அம்புக்குறி இடுவார். பாடத்தை அவர் நம்பினாரா என்பது தெரியாது. ஆனால் நம்பாத ஒன்றை அவ்வளவு ஒழுங்காக நடத்திய ஆசிரியர் அந்தப் பள்ளியில் வேறொருவர் இல்லை.

மனக்கோளாறுகள் பற்றிய அத்தியாயம் தொடங்கிய வாரத்தில் வகுப்பே நோயில் விழுந்தது. முதல் பெஞ்சுக்காரனுக்குப் பூட்டிய இடங்களில் பயம், கடைசி பெஞ்சுக்காரனுக்குத் திறந்த இடங்களில் பயம். மேனேஜருக்குப் பக்கத்தில் உட்காரும் மைக் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். மைக்குக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அவள் ரகசியம் சொன்னால் அடுத்த வகுப்பில் குறிப்பெடுப்பார்கள்.

"இந்த மூணாவது பாரா இருக்கே, அப்படியே எங்க மாமாடி. பேரு மட்டும்தான் போடல."

"உங்க மாமாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ஆனா இருக்கு."

மேனேஜருக்கு மட்டும் ஒரு நோயும் பொருந்தவில்லை. பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பினாள். அதைப் பார்த்த மைக், எதுவுமே இல்லாமலிருப்பதும் ஒரு கோளாறுதான், கடைசிப் பக்கங்களில் வரும் என்று பயமுறுத்தினாள்.

இரண்டாம் வருடம் தொடங்கிய புதிதில் அப்பா இறந்தார். வேலையிலிருந்து அன்று மத்தியானமே, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று திரும்பி வந்தவர், வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றவில்லை. மேனேஜர் அப்போது வகுப்பில் நினைவாற்றல் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தபோது படிக்கட்டெல்லாம் செருப்புகள். அவற்றை ஓரமாகத் தள்ளி வழி உண்டாக்கிவிட்டு உள்ளே போனாள்.

அவள் அழவில்லை. அன்று அழவில்லை, மறுநாளும் அழவில்லை. அம்மா அழுதாள், அப்பாவுடன் வேலை பார்த்தவர்கள் அழுதார்கள், ஒரு தடவை லிஃப்டில் மாட்டிக்கொண்டு அப்பாவால் மீட்கப்பட்ட வங்கி அதிகாரி ஒருவர் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். மேனேஜர் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். யாரோ வீட்டிலிருந்து சமைத்து அனுப்பியிருந்தார்கள். தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டாள். அதை அம்மாவின் தங்கை, அதாவது சித்தி, கேட்டுவிட்டாள்.

சித்தி கெட்டவள் இல்லை. துக்க வீட்டில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்தவள் அவள்தான். ஆனால் எந்த வேலையையும் பாதியில் விடுவது அவளுக்குப் பிடிக்காது, அக்கா மகளின் அழுகை பாதியில் கூட இல்லை, தொடங்கவேயில்லை. "உள்ளுக்குள்ள கட்டி வச்சிருக்காக்கா. உடைச்சு விடணும்," என்றாள், அடைத்துக்கொண்ட தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசுவதுபோல. அப்பாவின் போட்டோவை எதிரே வைத்துப் பார்த்தாள். சோகப் படங்களாகப் பார்த்து டி.வி.யில் போட்டாள். அவற்றுக்குச் சித்தியே அழுது முடித்துவிட்டு, மேனேஜரின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு நாள் வெங்காயம் நறுக்கச் சொன்னாள். கண்ணீர் வந்தது. சித்தி நம்பிக்கையுடன் நிமிர்ந்தாள். "வெங்காயம் சித்தி," என்றாள் மேனேஜர்.

எதுவும் பலிக்காமல் போகவே சித்திக்குக் கோபம் வந்தது.

"பெத்த அப்பன்டி. உனக்குன்னு உழைச்சே ஓடாப் போன மனுஷன். ஒரு சொட்டு வரலையே உனக்கு? பாசம்னு ஒண்ணு இருக்கா இல்லையாடி உள்ள?"

அம்மா, "விடுடி அவள," என்றாள். ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

மேனேஜருக்கு அந்தக் கேள்வி நியாயமானதாகப் பட்டது. அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். துக்கம் இருக்க வேண்டிய இடத்தில், பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருப்பதுபோல ஒன்று இருந்தது. தொட்டால் இருக்கிறது என்று கைக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை. பாடப் புத்தகத்தைப் புரட்டினாள். துயரத்தைச் சிலர் மறுப்பார்கள், சிலர் ஒதுக்குவார்கள் என்று போட்டிருந்தது. துயரமே இல்லாதவர்களும் அப்படித்தானே இருப்பார்கள், இரண்டையும் வெளியிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று போட்டிருக்கவில்லை. மனசு சாரிடம் கேட்டாள். "நல்ல கேள்வி," என்றார் சார். பாடத்தில் இல்லாததற்கு எல்லாம் அவர் சொல்லும் பதில் அது.

பிறகு செய்முறை வகுப்பு வந்தது. சொல் இணைப்புச் சோதனை. ஒருவர் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். எதிரே இருப்பவர் மனதில் முதலில் தோன்றும் சொல்லை உடனே சொல்ல வேண்டும். நடுவில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிறுத்துக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நாற்காலி, மழை போன்ற சாதுவான சொற்களுக்கு நடுவே அம்மா, பயம், வீடு போன்ற சொற்கள் ஒளிந்திருக்கும். மனத்தைத் தொடும் சொல்லுக்கு நாக்கு தயங்கும் என்பது கருதுகோள்.

"வாய் பொய் சொல்லும்," என்றார் மனசு சார். "முகம் பொய் சொல்லும். கடிகாரம் பொய் சொல்லாது."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் அந்தப் பாடம் அவளுக்குப் பயன்படும்போல் தெரிந்தது அதுவே முதல் தடவை.

மூத்த மாணவர்கள் விட்டுச்சென்ற சொற்களையே எல்லாரும் பயன்படுத்துவது வழக்கம். அதில் அப்பா என்ற சொல்லும் இருந்தது. மைக் அதைப் பென்சிலால் அடிக்கப் போனாள்.

"இருக்கட்டும்," என்றாள் மேனேஜர்.

"எதுக்குடி? வேற ஏதாவது போட்டுக்கலாம். தாத்தா போடட்டுமா?"

"அப்பாதான் வேணும்."

ஜன்னலோர மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மைக் தன் வாழ்நாளில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாற்காலி."

"மேசை."

"மழை."

"குடை."

"வீடு."

"மூணாவது மாடி. ஐயோ, ரெண்டு சொல்லாயிடுச்சு."

"பரவால்ல. பென்சில்."

"ரப்பர்."

"அப்பா."

"வந்துட்டாரு."

"ஜன்னல்."

"கம்பி."

மேனேஜரின் காதெல்லாம் கடிகாரத்தின் டிக் டிக்கிலேயே இருந்தது. என்ன சொன்னோம் என்பதை அவள் கவனிக்கவில்லை. மைக்கும் கவனிக்கவில்லை. அந்த வகுப்பில் யாரும் கவனிப்பதில்லை. நேரத்துக்குத்தான் மதிப்பெண், பதில் சொற்கள் ஓரமாக இருக்க வேண்டுமே என்று எழுதி வைப்பது. மைக் கடிகாரத்தைப் பார்த்தாள். பென்சிலுக்கு ஆன நேரம்தான் அப்பாவுக்கும் ஆகியிருந்தது. சொல்லப்போனால் ஒரு இமைப்பொழுது குறைவு.

ரிசல்ட் வரவில்லை என்றால் வரவைப்பது அந்த வகுப்பில் எழுதாத விதி. கருதுகோளுக்கு ஒத்துவராத எண்ணைக் கொண்டுபோனால் மனசு சார் சோதனையை மறுபடி செய்யச் சொல்வார், அதனால் யாரும் கொண்டுபோவதில்லை. மைக் மதிப்பெண்ணை மட்டும் நினைத்திருந்தால் அதை வழக்கமான திருட்டு என்று விட்டுவிடலாம். எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தையும் அவள் பார்த்துவிட்டாள். அப்பாவுக்கு நேரே பெரியதாக ஓர் எண்ணை எழுதினாள்.

"எவ்ளோ நேரம்?"

"ரொம்ப நேரம்டி. இருக்கிறதுலயே அதுக்குத்தான் ஜாஸ்தி. பேசாம உக்காந்துட்டே, தெரியுமா? எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

மேனேஜர் பேசாமல் உட்கார்ந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. ஆனால் கடிகாரம் பொய் சொல்லாதே.

அன்று வீட்டுக்குப் போனதும் நேரே சித்தியிடம் போனாள்.

"சித்தி, டெஸ்ட்ல வந்துடுச்சு. எனக்குப் பாசம் இருக்கு."

சித்தி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எங்கடி எடுத்தே? ரத்தமா?"

"இல்ல சித்தி. கடிகாரம் வச்சு."

"மெஷின்லயே வந்துடுச்சா?" சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர்கள் சொன்னால் சித்தி லேசில் நம்பமாட்டாள், மெஷின் சொன்னால் மறுபேச்சே கிடையாது. அன்றைக்கே உறவினர்கள் எல்லாருக்கும் போன் பறந்தது. "டெஸ்ட் எடுத்துப் பாத்தாச்சு. பாசம் நிறையவே இருக்குதாம். அழுகைதான் வர்ற வழி தெரியாம நிக்குது." வெங்காயம் நறுக்கும் வேலை மேனேஜரிடமிருந்து எடுக்கப்பட்டது. அவளைப் பார்த்தால் பாதிப் பேச்சில் நிறுத்திக்கொள்ளும் பெரியம்மாக்கள் மறுபடி முழுப் பேச்சையும் பேசினார்கள். மேனேஜரும் நிம்மதியாக இருந்தாள். கன்னம் இன்னும் மரத்துத்தான் கிடந்தது. ஆனால் அது கன்னம்தான் என்பதற்கு இப்போது சான்று இருந்தது.

செய்முறைத் தேர்வுக்கு வெளிப் பள்ளியிலிருந்து ஒரு தேர்வாளர் அம்மாள் வந்தார். ஜலதோஷம் பிடித்தவர்போல அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஜோடியாகக் கூப்பிட்டு, எழுதி வைத்ததைப் புரட்டிப் பார்த்து, ஒரு கேள்வி கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். மேனேஜரும் மைக்கும் போனபோது அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"எல்லாருக்கும் அப்பாவுக்குத்தான் நேரம் ஜாஸ்தி. இங்க இருக்கிற அப்பாக்களுக்கெல்லாம் என்ன ஆச்சு? சரி, நீங்க ரெண்டு பேரும் என் முன்னாடி பண்ணிக் காட்டுங்க. கடிகாரத்த இங்க குடு."

மைக் கடிகாரத்தை விடவில்லை. "நானே பிடிச்சுக்கறேன் மேடம். பழகிடுச்சு."

"எனக்கும் பழக்கம்தான். குடு."

மைக் சொற்களைச் சொன்னாள். குரல் மெலிந்து, பின்பெஞ்சுக்குக் கூடக் கேட்காத அளவுக்குப் போயிருந்தது. மேனேஜர் மட்டும் அமைதியாக இருந்தாள். இருக்கிற பாசம் மறுபடியும் வரத்தானே செய்யும்.

"அப்பா."

"வந்துட்டாரு."

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார், எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார்.

"அன்னிக்கு இவ்வளவு நேரம், இன்னிக்குக் கண்ணிமைக்கிறதுக்குள்ள. நல்ல முன்னேற்றம்."

மைக்குக்குக் குபுக்கென்று அழுகை வந்துவிட்டது. "நான்தான் மேடம் மாத்தினேன். அன்னிக்கும் இப்படித்தான் சொன்னா. அவளுக்குத் தெரியாது மேடம், அவளுக்கு மார்க் கொறைக்காதீங்க."

மேனேஜர் மைக்கைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் வருகிறதா என்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. பென்சிலும் அப்பாவும் ஒன்று. அவ்வளவுதான் விஷயம். சித்தியிடம் இதை எப்படிச் சொல்வது, எத்தனை பேருக்குத் திரும்பப் போன் போக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

தேர்வாளர் இருமிவிட்டு அடுத்த பகுதிக்கு வந்தார். சோதனைக்கு உட்பட்டவர், ஒவ்வொரு சொல்லுக்கும் தனக்கு உள்ளே என்ன நிகழ்ந்தது என்று சொல்ல வேண்டும். அகநோக்கு அறிக்கை என்று அதற்குப் பெயர். 'சோதனை ஆர்வமூட்டுவதாக இருந்தது, சற்றுப் பதற்றமாகவும் இருந்தது' என்று மூத்தவர்கள் எழுதியதையே எல்லாரும் எழுதுவார்கள். மேனேஜரும் அதையே சொன்னாள்.

"அது எல்லாரும் சொல்றது. அப்பான்னு கேட்டதும் என்ன ஆச்சு? அத மட்டும் சொல்லு."

"சத்தம் கேட்டுச்சு மேடம்."

"என்ன சத்தம்?"

"ஸ்பேனர் சத்தம். பையில. எங்கப்பா படியேறி வர்றப்போ கேக்கும்."

"அதான் வந்துட்டாருன்னு சொன்னியா? சரி. எப்ப வருவாரு அவரு?"

"ஆறு மணி, ஆறரைக்கு வந்துடுவாரு மேடம்."

பக்கத்தில் மைக்கின் விசும்பல் சட்டென்று நின்றது. வாயைப் பொத்திக்கொண்டு மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜரும் தான் சொன்னதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்கியம் அறைக்கு நடுவே நின்றது. அதில் பிழை எங்கே என்று தேடுகிறவள்போல அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

தேர்வாளருக்கு ஒன்றும் தெரியாது. வித்தியாசமாக எதுவும் தென்படவும் இல்லை. ஒரு மகள், வேலைக்குப் போய்வரும் ஓர் அப்பா, தயக்கமில்லாத பதில். இயல்பாக இருந்தது. மைக்குக்கு மதிப்பெண்ணைக் குறைத்து, மேனேஜருக்குக் கிடைக்க வேண்டியதைப் போட்டு, "அடுத்தது," என்று மூக்கைத் துடைத்தார்.

வெளியே வந்ததும் மைக் அவள் கையைப் பிடித்தாள். "திட்டுடி. ஏதாவது சொல்லு."

"வீட்டுக்குப் போறேன்," என்றாள் மேனேஜர். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. அம்மா வேலை பார்க்கும் சலவைக் கடைக்குப் போனாள்.

கடையின் பின்பக்கம் ஒரே நீராவி. கூரையிலிருந்து தொங்கிய கம்பிகளில் உறை போட்ட கோட்டுகள் ஆளில்லாமல் வரிசையில் நின்றன. அம்மா நீளமான மேசையில் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலர், தோள், கை என்று அவளுக்கென்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை கெட்டால் முதலிலிருந்து தொடங்குவாள்.

"என்னடி இந்த நேரத்துல? பரீட்சை எப்படி?"

"முடிஞ்சுது." மேனேஜர் துணி மூட்டைகளுக்கு நடுவே நின்றாள். "அம்மா."

"ம்."

"அப்பா செத்துப் போயிட்டாரு, இல்ல?"

சட்டையின் கைமேல் இஸ்திரிப் பெட்டி நின்றது.

"யாரு சொன்னா உனக்கு?" என்று கேட்டாள் அம்மா.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. மகளைப் பார்த்தாள். மகள், கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் சொல்லல. நானாத்தான்."

"ஆமா," என்றாள் அம்மா. "போயிட்டாரு."

"சரி."

இங்கே மேனேஜர் அழுதாள் என்று எழுதினால் சித்திக்குத் திருப்தியாக இருக்கும், உளவியல் புத்தகத்துக்கும் மறுப்பிருக்காது. அவள் அழவில்லை. தலையை ஆட்டினாள், பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்த பிறகு கால்கள் நடுங்குவதைப் பார்த்து ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கால் கேட்கவில்லை. இன்னொரு கையையும் வைத்துப் பார்த்தாள்.

தீய்ந்த வாசனை வந்தது. அம்மா பதறிப் பெட்டியைத் தூக்கினாள். சட்டையின் கையில் பெட்டியின் முனை பழுப்பாகப் பதிந்திருந்தது. அம்மா அதை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு துணியைக் கூடக் கருக்கியதில்லை.

"இது போகாது," என்றாள். பிறகு மேசையைச் சுற்றி வந்து, மூட்டையில் மகளுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுடைய கை சூடாக இருந்தது. நடுங்கும் முழங்காலின் மேல் அதை வைத்தாள். இருவரும் எதிரே தொங்கிய கோட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதலாளிகிட்ட யாரு சொல்றது?" என்றாள் அம்மா.

"நான் சொல்றேன்."

"கத்துவாரு."

"கத்தட்டும்."

கால் நடுக்கம் நிற்கும்வரை இருந்துவிட்டு, மேனேஜர் சட்டையை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள்.